ராசி பாத்து வாங்கின செசி

என் உசுரான ரேணு அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். அப்படிக் கேக்குற நெலமையில நான் இல்ல. உங்க மேல எனக்குக் கோபம். போன வாரம் உங்க வருசத் திவசமும் குடுத்தாச்சு, கோபம் மட்டும் ஆற மாட்டேங்குது. படத்துக்கு முன்னால நின்னு கத்தினா அக்கம்பக்கத்துல பைத்தியம்னு சொல்லிருவாங்க. அதான் எழுதுறேன். மத்தவங்களும் படிக்கட்டும். உங்கள மாதிரி ரேஸ் கிறுக்குப் புடிச்ச நாலு பேருக்காவது உறைக்கட்டும்.

திவசச் சாப்பாடு முடிஞ்ச கையோட உங்க கூட்டாளி செல்வம் எல்லாரையும் உக்கார வச்சாரு. கட்டுகஸ்தோட்டை கராஜ்ல உங்களோட வண்டி கழட்டிப் பூட்டின அத்தனை பேரும் இருந்தாங்க. "அண்ணி, ஒரு நல்ல விசயம்"னு ஆரம்பிச்சாரு. விபத்துக்குப் பெறகு பொலிஸ் புடிச்சு வச்சிருந்த உங்க ரேஸ் வண்டிய இப்பத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம். கராஜுக்குக் கொண்டு வந்தாச்சாம். உடைஞ்ச எடத்த ஒட்டி, வேற எஞ்சின் வச்சு, கதவுல உங்க படத்தப் போட்டு, அடுத்த மண் ரேஸ்ல நம்ம ரேணுவ ஓட்ட விடப் போறாங்களாம்.

"அண்ணன் கடைசியா ஓட்டின செசி அண்ணி. அவர் ஆத்மா அதுக்குள்ளதான் இருக்கு. மக அதுல ஜெயிக்கணும்."

எல்லாரும் கண்ணத் தொடச்சாங்க. ரேணுவும் அழுதுக்கிட்டே தலைய ஆட்டினா. நான் சாம்பார் வாளியோட நின்னேன். அத செல்வம் தலையில கவுத்தாம விட்டதே பெரிசு.

ரேஸ் தெரியாம இதப் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். செசின்னா வண்டியோட எலும்புக்கூடு. எஞ்சின், டயர், கதவு எல்லாத்தையும் கழட்டி மாட்டலாம், செசி கோணலா இருந்தா எதுவுமே சரி வராது. மண் பாதையில வண்டி எகிறி விழுறப்ப அத்தன அடியையும் வாங்குறது அதுதான். இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே? சாப்புட்டுக்கிட்டு இருக்கப்ப அப்பளத்த உடைச்சு உடைச்சு வெளக்கினீங்க. இவ்வளவும் தெரிஞ்ச மனுசன்தான் அன்னைக்கு அப்படி ஒரு செசியத் தெரிவு செஞ்சீங்க.

நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கல. ஒரு ஞாயித்துக்கிழம என்னையும் கூட்டிக்கிட்டு ரெண்டு செசி பாக்கப் போனீங்க. முதல்ல பல்லேகலயில, நாம நானான்னு கூப்பிடுற மடவளை முஸ்லிம் அண்ணனோட பழைய சாமான் யார்டுக்கு. நானா தகரத்த வெலக்கிக் காட்டினாரு. பெயின்ட் போயி, பாக்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு வளைவு, ஒரு வெடிப்பு இல்ல. நீங்களே கீழ படுத்துப் பாத்துட்டு "நேரா இருக்கு"ன்னீங்க.

நானா நல்ல மனுசன், மறைக்கத் தெரியல. "தம்பி, ஒரு விசயம் சொல்லிட்டுத்தான் தருவேன். இத ஓட்டின ஆள் மவுத்தாகிட்டாரு. வண்டில இல்ல, ஊட்டுல தூக்கத்துல. வண்டில ஒரு குத்தமும் இல்ல"ன்னாரு.

அவ்வளவுதான். செத்தவரோட வண்டின்னதும் சுடுசட்டியத் தொட்ட மாதிரி கைய எடுத்தீங்க. "ஆள் போன வண்டி நமக்கு வேணாம்டி"ன்னு சொல்லிட்டு நானாவுக்கு ஒழுங்கா ஒரு நன்றிகூடச் சொல்லாம நடந்தீங்க.

அடுத்தது குண்டசாலையில. ஜெயிச்ச செசியாம். விக்கிறவன் பெரிய கெட்டிக்காரன், வண்டிக் கூரை மேல ரேஸ்ல வாங்கின கப்புகள எல்லாம் அடுக்கி வச்சிருந்தான். பளபளன்னு நீலப் பெயின்ட். நீங்க கோயில் சுத்துற மாதிரி அதச் சுத்திச் சுத்தி வந்தீங்க. எனக்கு அந்தப் பளபளப்புப் புடிக்கல. நான் கார்மென்ட்ஸ்ல சட்ட செக் பண்றவ. எந்த எடத்துல தையல் பெசகியிருக்கோ அங்கதான் அழுத்தி அயர்ன் பண்ணி அனுப்புவாங்க. சீட்டுக்குக் கீழ மட்டும் பெயின்ட் தடிப்பா இருக்கே, கொஞ்சம் சொரண்டிப் பாப்பமான்னு கேட்டேன்.

ஐயோ, அப்ப உங்களுக்கு வந்த கோபம்! ஜெயிச்ச செசியோட பெயின்டச் சொரண்டுனா ராசி போயிருமாம். உங்க ரேஸ் கூட்டத்துல எழுதாத சட்டம். "இது சட்டத் துணி இல்லடி, வாய மூடிக்கிட்டு வா"ன்னு அந்த வியாபாரி முன்னாலயே சொன்னீங்க. அவனும் பல்லக் காட்டினான். வீட்டுக்குக் கொண்டு வந்து, டயருக்கடியில தேசிக்காய் வச்சு, தேங்கா ஒடச்சு, என்னையே ஆரத்தி எடுக்கச் சொன்னீங்களே! எடுத்தேனே!

எனக்கு இதுதான் வெளங்கல. நீங்க தெல்தோட்டை பஸ் ஓட்டினவரு. தெனம் காலையில பிரேக் பாப்பீங்க, டயரத் தட்டிப் பாப்பீங்க, கீழ குனிஞ்சு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பாப்பீங்க. "ஏறுறது ஊரான் வீட்டுப் பிள்ளைங்கடி"ம்பீங்க. அப்ப நீங்க யாரு வீட்டுப் பிள்ள? உங்க உசுர மட்டும் எதுக்கு ராசிகிட்ட ஒப்படைச்சீங்க?

ரேஸ் அன்னைக்கு வண்டி மோதல. உருளல. ஒரு மேட்டுல எகிறி விழுந்துச்சு, சீட்டுக்குக் கீழ ரெண்டா மடங்கிருச்சு. சாவு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் விதின்னாங்க. வாயில நல்லா வந்துச்சு எனக்கு. பொணத்த வச்சுக்கிட்டு சண்டை போடக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

திவசத்தன்னைக்கு அப்படி இருக்கல. "அந்தச் செசில என் பிள்ள ஏறுனா, அந்த வண்டிக்கு முன்னால நான் படுத்துக்குவேன்"னு சொல்லிட்டேன். "கோபப்படாதீங்க அண்ணி"ன்னாரு செல்வம். கோபப்படாம கும்மியா அடிக்கச் சொல்றீங்கன்னு கேட்டேன். ரேணு எந்திரிச்சு அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. ரெண்டு நாள் என்னோட பேசல. அப்பா ஞாபகத்தையே நான் அழிக்கப் பாக்குறேனாம். அழிக்கிறதா? நானா?

ஆனா அவ உங்க மகளா இருந்தாலும் எனக்கும் மகதானே. இந்த ஞாயிறு அவளே வந்து, "வாங்கம்மா, போய்ப் பாப்பம்"னா. கராஜுக்குப் போனோம். நான் வீட்டுல இருந்து ஒரு பழைய கத்தி கொண்டு போயிருந்தேன். செல்வம் ஓடி வந்து மறிச்சாரு. "அண்ணன் கை பட்ட பெயின்ட் அண்ணி, சொரண்டாதீங்க."

ரேணு என் கையில இருந்து கத்திய வாங்கிச் சொரண்ட ஆரம்பிச்சா.

நீலத்துக்குக் கீழ முன்பக்கம் வெள்ளை. பின்பக்கம் செவப்பு. ரெண்டு வெவ்வேற வண்டிய வெட்டி நடுவுல ஒட்டியிருக்கான் பாவி. அந்த ஒட்டும் முழுசா இல்ல. இங்கொண்ணு அங்கொண்ணுன்னு வெல்டிங் வச்சிட்டு, மிச்ச இடைவெளியில எல்லாம் பட்டி பூசி மூடியிருக்கான். கத்தி பட்டதும் பட்டி சுண்ணாம்பா உதிர்ந்துச்சு. செல்வம் அந்தப் பொடியக் கையில அள்ளிப் பாத்தாரு.

ரேணு அழல. அந்த இடைவெளியில விரல விட்டுப் பாத்தா. பெறகு என்கிட்ட கேட்டா: "அம்மா, அப்பா இத ஒருக்காவாவது சொரண்டிப் பாத்திருக்கலாம்தானே?"

நீங்க சொல்லுங்க. அவ மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க பாப்பம்.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. மாத்தளைப் பக்கம் ஒருத்தன் அந்தச் செசியக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கான். ஜெயிச்சதோட, ஒரு ரேஸ்காரர் உசுரும் கலந்த செசியாம், அதுக்கு இப்ப டபுள் மவுசாம். தூ! அவன் வீட்டுலயும் ஒரு பொம்பள இருப்பாள்ல? செல்வத்துக்கிட்டச் சொன்னேன், இத முழுசா விக்கக் கூடாது, துண்டு துண்டா வெட்டணும்னு. அவரே காஸ் கட்டர எடுத்தாரு. வெட்ட வெட்டத் தேம்பித் தேம்பி அழுதாரு. நான் பக்கத்துலயே நின்னேன். எனக்கும் அழுகதான், ஆனா நிறுத்துன்னு சொல்லல.

அப்படியே பல்லேகலைக்குப் போனோம். நானாவோட யார்டுல அந்தச் செசி இன்னும் கெடக்கு. இவ்வளவு நாளும் ஒருத்தனும் தொடல. "சொரண்டிப் பாக்கலாமா நானா?"ன்னு கேட்டா ரேணு. "எங்க வேணுமோ அங்க சொரண்டுங்க மகள். அதுக்குத்தானே வெச்சிருக்கேன்"னாரு. எங்க சொரண்டினாலும் ஒரே நெறம். மூலைக்கு மூலை குறுக்கால டேப் புடிச்சு அளந்தா. மத்தப் பக்கமும் அளந்தா. ரெண்டும் ஒண்ணு, கோணலே இல்ல.

செல்வம் என் காதுல, "ஆள் போன வண்டியாச்சே அண்ணி"ன்னாரு. ஆள் போகாத வண்டி நம்மகிட்ட எது இருக்கு தம்பின்னு கேட்டேன். அவரு டேப்ப வாங்கி இன்னொருக்கா அளந்தாரு.

ரேஸே வேணாம்னு பிள்ளைக்குச் சொல்ல மாட்டியான்னு கேப்பீங்க. சொன்னேன். கெஞ்சினேன், சத்தமும் போட்டேன். கேக்க மாட்டேங்குறா. உங்க புடிவாதம் எங்க போகும்? போறதுன்னா நானாவோட அந்த நேரான செசில போகட்டும்.

அதனால உங்களுக்கு ஒரு வாக்குத் தாறேன். ரேணு ஏறுற எந்த வண்டியையும் நான் சொரண்டிப் பாக்காம விட மாட்டேன். அவ ஜெயிச்சு வந்தாலும் மறுநாள் காலையில கத்தியோட போய்ச் சொரண்டுவேன். அவ திட்டட்டும், ஊரு சிரிக்கட்டும். ராசி போனாப் போகுது. பிள்ள வீட்டுக்கு வரணும்.

அன்னைக்கு உங்களையும் அப்படித்தான் எதிர்பாத்துச் சோறு போட்டு மூடி வச்சிருந்தேன்.

இன்னும் கோபத்தோட,
உங்க பொண்டாட்டி,
ரேணுவோட அம்மா