பாலத்தில் நின்ற வில் வண்டி

அப்பாவுக்கு,

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், தொழுவத்தை ஒட்டின சாய்ப்புக் கொட்டகையில் புன்னைக்காய் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. கன்றுக்குட்டி முட்டியிருக்கும். வாசம் முற்றத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அந்த வாசத்துக்கு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் கந்தைத் துணியோடு, வில் வண்டியின் ஆரக்கால்களை ஒவ்வொன்றாக நீங்கள் தேய்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் எட்டு வருஷம். இந்தக் கடிதத்தை எந்தத் தபால் பெட்டியில் போடுவது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்களிடம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வண்டியைத் தினமும் பூட்ட ஆரம்பித்துவிட்டேன். கோபப்படாமல் கேளுங்கள்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அம்பாசமுத்திரத்து ஆசாரி ஏழு மாதம் செய்தார். இரும்பு வில் தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி வந்தது. கூண்டின் உள்பக்கம் சிவப்புத் துணி, முன்னும் பின்னும் பச்சைத் திரை, சக்கரத்தில் மஞ்சளும் சிவப்புமாக வர்ணம். சிந்துபூந்துறையில் அதுவரை அப்படி ஒரு வண்டி வந்ததில்லை. பார்க்க வந்தவர்களை நீங்கள் தொட விடவில்லை. நாங்கள் ஏறும்போதே, "தலையில எண்ணெய் வச்சிருக்கியா? அப்பச் சாயாதே" என்பீர்கள். எண்ணெய் வைக்காத தலை நம் வீட்டில் ஏது? அம்மாவும் நானும் கொலுப் பொம்மை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தே போய், நிமிர்ந்து உட்கார்ந்தே வருவோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பதிலா இதுக்கே தாலியக் கட்டியிருக்கலாம்" என்பாள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கட்டியிருக்கலாம்தான். இது பேசாதுல்லா" என்பீர்கள். அம்மா சிரித்துவிடுவாள்.

தைப்பூசம், ஆனித் தேர், ஆடி அமாவாசை, சொந்தத்தில் ஒரு கல்யாணம். வருஷத்தில் நாலு நாளோ ஐந்து நாளோதான் அது வெளியே போகும். மற்ற நாளெல்லாம் கித்தானைப் போர்த்திக்கொண்டு சாய்ப்பில் நிற்கும். மாதம் ஒருநாள் எண்ணெய். அந்த எண்ணெயை உங்களோடு நானும் தேய்ப்பேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை செய்கிற வேலை அல்லவா.

ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் நினைவிருக்கிறதா? நம் தெருப் பள்ளிக்கூடம் அதோடு சரி. மேலே படிக்க வேண்டுமானால் ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். வாத்தியார் வீட்டுக்கே வந்து, "இந்தப் பிள்ளையை நிப்பாட்டிராதீங்க, வாசிப்பு நல்லா வருது" என்றார். நான் சிலேட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் வாத்தியாருக்கு மோர் கொண்டுவரச் சொன்னீர்கள். பிறகு, "போகணும்னா வண்டியிலதான் போகணும். வண்டியத் தினம் பூட்டினா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்றீர்கள். வாத்தியார் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறு வருஷம் எனக்குக் கல்யாணம், வீட்டோடு மாப்பிள்ளை.

அதை நான் சாக்கு என்றுதான் நினைத்தேன். பெண்பிள்ளை படித்தது போதும் என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் வண்டியின் மேல் பழியைப் போட்டீர்கள் என்று நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் அப்படியே நினைத்திருந்தேன்.

இப்போது என் மகனுடைய மகள் கோமதி. நீங்கள் அவளை மழலை பேசுகிற பிள்ளையாகப் பார்த்ததுதான். பதினொரு வயது ஆகிவிட்டது. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, சாயங்காலம் அவள் புத்தகத்தை விரித்து வாசித்தால் எதிர்வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றுபோகும். குத்துகிற பெண் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவளும் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

என் மகன் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். கெட்டவன் இல்லை. ஆனால் தெருவுக்குப் பயந்தவன். "வாடகை வண்டியில எல்லாம் ஏத்த மாட்டேன். நம்ம வண்டின்னா போகட்டும்" என்றான்.

"அப்ப நம்ம வண்டியப் பூட்டு" என்றேன்.

"தாத்தா வண்டியையா? நல்லாருக்கும்மா நீங்க சொல்லுதது. இனி ஊரெல்லாம் மோட்டார்தான் வரப்போவுது. இந்த மாதிரி ஒண்ணை எவன் செய்வான் இனிமே? இவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய இதுலதான் அழைச்சுட்டு வரணும்னு இருக்கேன். பாளையங்கோட்டை ரோட்டுல ஒரு வருஷம் ஓடினா விறகுக்குத்தான் ஆகும்." பிறகு கொஞ்சம் இறங்கி, "உங்க அப்பா வண்டி. நீங்க என்ன சொல்லுதீங்களோ அதுதான்" என்றான்.

பாரத்தை என் தலையில் வைத்துவிட்டான். கடைசி நாளில் நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னதும் அதுதானே, "வண்டியப் பார்த்துக்கோ." நான் தலையாட்டினேன். ஒரு மாதம் தவறாமல் எண்ணெய் தேய்த்திருக்கிறேன், அப்பா. என் வீட்டுக்காரர் செத்த மாதம்கூடத் தேய்த்தேன். உங்கள் காலத்தில் இருந்ததைவிட இப்போது பளபளப்பு அதிகம் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அதைப் போய்த் தினமும் கப்பிக்கல் ரோட்டில் இழுக்கவா?

பத்து நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். பதினோராம் நாள் கோமதி அடுப்படியில் வந்து நின்று, "என்ன ஆச்சி முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றாள்.

"ஏட்டி, வண்டியத் தினம் பூட்டினா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. உங்கள் வார்த்தை, உங்கள் இழுப்பு, ஒன்றும் மாறவில்லை. கோமதி அழவில்லை. "பூட்டாம வச்சு இப்ப என்னத்துக்கு ஆகுது ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அப்போது ஒன்று விளங்கியது. நான் சாக்குச் சொல்லவில்லை. அவள் படிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அந்த வண்டி நிஜமாகவே என் கண்ணில் நின்றது. அப்படியானால் நீங்களும் அன்று நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். சாக்கு என்று நினைத்திருந்தபோது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, அப்பா. ஊரோடு ஒத்துப் போனீர்கள் என்று விட்டுவிடலாம். ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அந்த மர வண்டியும் நின்று, நீங்கள் மரத்தைப் பார்த்தீர்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளைக்குப் பூட்டு என்று சுடலையிடம் சொன்னேன். உங்கள் வண்டிக்காரரின் மகன்தான் சுடலை. இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரிய டீச்சரம்மா வாசிக்கச் சொல்லிப் பார்த்துச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதுதான் கடைசி நாள். தவறினால் மறு வருஷம். மறு வருஷம் கோமதிக்குப் பன்னிரண்டு ஆகும். பன்னிரண்டில் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி தெருவில் இறங்கியதும் வாசல்வாசலாக ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நானும் திரைக்குள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் ஏறினதும் வலது பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். "பைய ஓட்டு சுடலை" என்றேன். அவன் இழுத்துப் பிடிப்பதற்குள் சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டா அப்படியே கழன்று, மாட்டையும் தாண்டித் தனியாக உருண்டு ஓடியது. "ஆச்சி, பட்டா போவுது! பட்டா போவுது!" என்று சுடலை குதித்துப் பின்னால் ஓடினான். அது பாலத்துச் சுவரில் மோதி, நாலு சுற்றுச் சுற்றி, கணீரென்று விழுந்தது. கோமதிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

மேலப்பாளையத்துக்குத் துணி மூட்டையோடு போன ஒரு சாயபு நின்று சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "மரம் காஞ்சு சுருங்கிட்டு, தாயே. சக்கரத்துக்குத் தண்ணி காட்டி எத்தனை வருஷமாச்சு?"

"மாசாமாசம் எண்ணெய் போடுதோமே" என்றேன், திரைக்கு உள்ளேயிருந்து.

"எண்ணெய் பார்வைக்கு. பட்டா நிக்கணும்னா மரம் தண்ணி குடிக்கணும்லா."

சுடலை தலையைச் சொறிந்தான். "பெரியய்யா இருக்கும்போது ஆனிக்கு முந்தி வருசா வருசம் சக்கரத்தக் கழத்தி, ஆத்துல ரெண்டு நாளு போட்டு வைப்பாக எங்க அப்பன். ஒங்களுக்குத் தெரியும்னுல்லா ஆச்சி நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. முற்றத்தில் நடந்ததுதான் எனக்குத் தெரியும். ஆற்றங்கரையில் ஆம்பிளைகள் செய்ததை யார் எனக்குக் காட்டினார்கள்? நீங்கள் செய்ததில் நான் பார்த்த பாதியை மட்டும் எட்டு வருஷம் தவறாமல் செய்து, பளபளவென்று உங்கள் வண்டியை உலர வைத்திருக்கிறேன்.

பின்னால் கட்டை வண்டிகள் சேர்ந்துவிட்டன. அதற்கும் பின்னால் யாரோ ஒரு துரையின் மோட்டார் பாம் பாம் என்று கத்தியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோமதிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள்.

நான் திரையை விலக்கி இறங்கினேன்.

"ஆச்சி, ரோட்டுலயா? ஐயாவுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவாக" என்றான் சுடலை.

"நீ வண்டியப் பாரு. நான் பிள்ளையப் பார்க்கேன்" என்று சொல்லி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்து நடந்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பாளையங்கோட்டை ரோட்டில் என் கால் பட்டது. எதிரே நம் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். பதறிப்போய், "என்ன ஆச்சி, நடந்தா போறீக?" என்றார். "கால் இருக்குல்லா அண்ணாச்சி" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. கோமதி என் கையை அழுத்தினாள்.

மணி பத்து அடிப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். டீச்சரம்மா புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். கோமதி அதை முடித்து, சொல்லாமலே அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். "போதும், போதும்" என்று அவர்களே சிரித்துக்கொண்டு பெயரை எழுதினார்கள்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. பாலத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பானைச் சோறு பொங்கி இறக்குகிற நேரம். நம் வீட்டிலிருந்தே என்று வைத்தாலும் இன்னும் கொஞ்சம்தான். நாற்று நடப் போகிற பெண்கள் தினமும் இதற்கு மேல் நடக்கிறார்கள். இவ்வளவு தூரம்தானா, அப்பா?

தினமும் நடத்திக் கூட்டிப்போக என் மகன் விடமாட்டான், அதனால் சக்கரத்தை இரண்டு நாள் ஆற்றில் போட்டோம். வர்ணம் செதில் செதிலாக உரிந்து தண்ணீரோடு போனது. பட்டாவைக் காய்ச்சிப் போட்டு, மூன்றாம் நாளே பூட்டினோம். என் மகன் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவனே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கி வருகிறான். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் கூடவே வருகிறார்கள். மூன்றும் எண்ணெய்த் தலையோடு சாய்ந்து சாய்ந்து சிவப்புத் துணி கறுத்துவிட்டது. மெத்தை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. வில் கிரீச்சிடுகிறது. என் மகன் சொன்ன மாதிரி விறகுக்கு ஆனாலும் ஆகும். பிள்ளைகளைத் தனியே விட முடியாது என்று காலையிலும் மாலையிலும் நானும் போய் வருகிறேன். ராத்திரி படுத்தால் இடுப்பு இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. அதற்குள் அவள் எவ்வளவு வாசித்துக்கொள்வாளோ, வாசிக்கட்டும்.

உங்கள் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், காணோம். வேறு ஒன்றுதான் இருக்கிறது. வேப்பமரத்தடியில் வந்தது, இன்னும் போகவில்லை. அன்று கதவுக்குப் பின்னால் நின்றேனே, எனக்கும் இரண்டு கால் இருந்தது. "நடந்து போய்க்கிடுதேன் அப்பா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்கள் அடித்திருக்கலாம். சரி என்று சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் பயந்து சொல்லாமல் இருந்தேன் என்றால் மனம் ஆறும். அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை.

சுடலை மாட்டைப் பூட்டிவிட்டுக் கூப்பிடுகிறான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எழுந்திருக்கிறேன்.

உங்கள் மகள்