ஊறிய பெருவிரல்

என் தங்க மகளுக்கு,

சொல்வது நான். எழுதுவது இங்கே குளத்தருகில் துண்டு கொடுக்கும் பெண்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று உன் அண்ணன் என்னை வெந்நீர்க் குளம் உள்ள ஹோட்டலுக்குக் கூட்டிவந்தான். வெளியே பல் கிட்டும் குளிர், கழுத்துவரை சுடுதண்ணீர். ரப்பர் வளையத்தில் மிதந்தேன், சறுக்குமரத்தில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். உன் அண்ணி கைதட்டினாள். சின்ன வயதில் உன் அண்ணன் தண்ணீரைக் கண்டால் என் கையை விடவே மாட்டான், நினைவிருக்கிறதா?

மத்தியானம் ஒருவர் கைரேகை மெஷினோடு அறைக்கு வந்தார். நீ குடியிருக்கும் வீட்டை விற்க என் பெருவிரல் வேண்டுமாம். ஊறிச் சுருங்கிய விரலை மெஷின் ஏற்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரும் நேரமெல்லாம் நான் தண்ணீரிலேயே கிடந்தேன்.

"விளையாடுறீங்களா? இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றான் உன் அண்ணன்.

இன்று காலை என்னை அறையில் வைத்துப் பூட்டினான். விரல் நன்றாகக் காய்ந்தது. என் கையைப் பிடித்து அவனே அழுத்தினான். அதே பழைய பிடி. மெஷின் உடனே ஒத்துக்கொண்டது.

சாமான்களைக் கட்டிக்கொள், அம்மா.

இப்போது குளத்தில்தான் இருக்கிறேன். உன் அண்ணனே துண்டைத் தோளில் போட்டு அனுப்பிவைத்தான்: "இனிமே ஆசை தீர ஊறுங்கப்பா."

தண்ணீர் நல்ல சூடு.

உன் அப்பா