கேட்டில் எடுத்த படம்

கோலா சாவா தோட்டம்,
12.7.1956

அன்புள்ள செல்லாயிக்கு,

அம்மாவின் இருமல் நின்றதா? எனக்கொரு குறையுமில்லை.

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது, சிரிக்காதே. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகையில் சோறு கொண்டுபோகத் தடை. தோட்டத்துக் கேட்டில் போலீஸ்காரர் என் தூக்குச்சட்டியைக் கிளறியதை ஒரு நிருபர் படமெடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே இருந்தது மரவள்ளிக்கிழங்கு. படத்துக்குக் கீழே, 'காவலருக்குச் சோறு பகிரும் தொழிலாளி' என்று போட்டுவிட்டார்கள்.

"பேப்பர்லயே போட்டிருக்கான். சோறு ஏதுலா உனக்கு?" என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைக் குடைகிறார்.

இத்தனை நாள் இதே பேப்பரைத்தான் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். எத்தனை பேரை நானும் இப்படி மாட்டிவிட்டேனோ!

தபால் எடுப்பவர் நிற்கிறார். நம் சின்னவளைப் படமெடுத்து அனுப்பு. கீழே உன் கையாலேயே எழுது. வேறு யார் எழுதினாலும் நம்பமாட்டேன்.

முத்துவீரன்