கார் போன பிறகு கைச்செலவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும்.

காரை விற்ற பிறகு எப்படிச் சமாளிக்கிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் போனில் மழுப்பிவிடுகிறேன், உட்கார்ந்து எழுதினால்தான் வரும். அப்பாவுக்குக் கண் மங்கி இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், போகட்டும், பெட்ரோல் காசு மிச்சம் என்று நான்தான் பெரிதாகக் கணக்குப் போட்டேன். காரில் போன காலத்தில் வாசலில் ஏறினால் வாசலில் இறங்குவேன், நடுவில் ஒரு கடையும் கண்ணில் படாது. இப்போது ஆஸ்பத்திரித் தையல் அறையில் நாள் முழுக்கப் போர்வைக்கு ஓரம் அடித்துவிட்டு பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றால் கால் கெஞ்சுகிறது, வயிறு கிள்ளுகிறது, எதிரே பேக்கரி. ஒரு டீ, ஒரு பன், அப்பாவுக்கு ஒரு பொட்டலம். பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்தால் ஏறத் தெம்பில்லாமல் டாக்ஸி. வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பார்க்கவே பிடிக்காமல் கடைச் சாப்பாடு. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின மாதிரி சம்பளம் பாதி மாதத்திலேயே வற்றிவிடும். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. எல்லாம் தன்னால்தான் என்று அவர் ஏற்கெனவே பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் குப்பைக்கூடையில் சேரும் சாப்பாட்டு டப்பாக்கள் அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

போன மாதம் ஒருநாள் டாக்ஸிக்குக் கை காட்டப் போகிறேன், பக்கத்தில் உன் அப்பா, கையில் பிளாஸ்க்கும் ரொட்டி டப்பாவும். வருகிற பஸ்ஸெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுத் தனியாக வந்திருக்கிறார். விழுந்து வைத்திருந்தால் என்ன ஆவது என்று சத்தம் போட்டேன். வீட்ல உக்காந்து என்னத்தக் கிழிக்கப்போறேன், உனக்கு எடம் புடிச்சுக் குடுக்கவாவது ஆகட்டுமே என்றார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். இடம் பிடிப்பதெல்லாம் சும்மா, பாவம் பெரியவர் என்று எழுந்து அவருக்குத்தான் கொடுக்கிறார்கள், நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் பேக்கரிப் பக்கம் போவதில்லை, டாக்ஸியும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் வெங்காயம் உரிக்கிறார், நான் எதையாவது கிண்டி இறக்குகிறேன். அலுப்பு மட்டும் குறையவில்லை, அது என்னோடுதான் போகும்போல.

எங்களுக்கு மறுபடி கார் வாங்கி டிரைவர் போட்டுத்தர வேண்டும் என்று நீ ராத்திரி வேலையும் சேர்த்துப் பார்க்கிறாயாம், மாப்பிள்ளை சொல்லிவிட்டார், அவரைக் கோபிக்காதே. அந்த வேலையை விட்டுவிடு கண்ணு. எனக்கும் காலை நீட்டி உட்கார்ந்து வர ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கார் வந்தால் சாயங்காலமானால் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ள உன் அப்பாவுக்கு ஒரு காரணம் இருக்காது.

தூங்கு, நன்றாகத் தூங்கு. எந்தக் குறையும் அண்டாமல் இருவரும் நெடுநாள் சேர்ந்து வாழுங்கள். உனக்கும் அப்பாவின் கண்தான், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா