சிவப்பு இல்லத்துக்கு ஒரு ஆள் தேவை

மாமா,

இன்றைக்குப் பள்ளிக்கூடம் முடிந்து எஸ்-பான் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னாலிருந்த வயதான ஒருவர் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துச் சின்னக் கத்தியால் நாலாக வெட்டினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என்ர கை தானாகக் கழுத்தில் விசிலைத் தேடியது. நல்லகாலம், விசில் வீட்டில். இருந்திருந்தால் ஊதியிருப்பேன். டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேராவது அடுத்த தரிப்பில் குதித்திருப்பார்கள்.

மற்ற வீடுகளில் இந்த ஆரஞ்சுப் பழம் என்றால் வைட்டமின் சி. எங்கட வீட்டில் அது வைட்டமின் சீனா. அந்த மருத்துவத்தைக் கண்டுபிடித்த ஆளுக்குத்தான் இந்த மடல். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு ஊதிவிடும். ஆனால் முதலில் பழைய கதையைச் சொல்லுறன். பிழை இருந்தால் திருத்துங்கோ. உங்களால் திருத்த ஏலாது என்பது எனக்கு வசதி.

யாழ்ப்பாணத்தில் உங்கட பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் என்று இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும். பிள்ளைகளை நிறம் நிறமாகப் பிரித்து இல்லங்களில் விடுவார்கள். நீங்கள் சிவப்பு. அம்மா படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவ மஞ்சள். ஊரை விட்டு, கடலைத் தாண்டி, கண்டமே மாறி வந்த பிறகும் அண்ணனும் தங்கச்சியும் இல்லத்தை மட்டும் விடவில்லை. உலகத் தடகளப் போட்டி டிவியில் தொடங்கினால், சிவப்புச் சட்டை போட்ட சீனா உங்கட இல்லம். மஞ்சள் சட்டை போட்ட ஜமேக்கா அம்மாட இல்லம். சீனாவில் உங்களுக்கு ஒரு குருவியைக்கூடத் தெரியாது. கேட்டால், "ஆரையும் தெரியத் தேவையில்லை மருமோள், சட்டை தெரிஞ்சால் காணும்" என்பீர்கள்.

எனக்கு மட்டும் நிறமில்லை. நான் இங்கே பிறந்தவள், ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் இல்லம் கில்லம் கிடையாது. "நான் எந்த இல்லம்?" என்று சின்னனில் கேட்டபோது நீங்கள் தாடியைச் சொறிந்துவிட்டு, "நீ நடுவர்" என்று சொல்லி ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள். வீடு இருந்தும் இல்லம் இல்லாத ஒரே பிள்ளை நான்தான். அதோடு நடுவர் ஒரு பக்கத்துக்கும் கத்தக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. என்னை! கத்தாமல்!

நீங்கள் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய கதையை நான் மனப்பாடமாகச் சொல்வேன். குளிர் என்றால் என்னவென்று தெரியாமல் அந்தச் சிவப்பு இல்லத்துப் பனியனோடு விமானத்தால் இறங்கினீர்களாம். கிழக்கு ஜெர்மன் காவலாளி உங்களை மேலும் கீழும் பார்த்து, தங்கட கட்சியின் நிறம் என்று பிடித்துப்போய், சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாராம். "அப்ப மஞ்சள் போட்டிருந்தால்?" என்று அம்மா கேட்பா. "திருப்பி அனுப்பியிருப்பான்" என்பீர்கள். கதை ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் வளரும். கடைசியாக நான் கேட்ட பதிப்பில் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்திருந்தார்.

உங்களுக்கு நூறு மீற்றர் பிடிக்காது. அது ஜமேக்காவின் கோட்டை என்பது ஒரு காரணம். மற்றது, நீங்கள் எறிகிறவர்களின் ஆள். குண்டு, ஈட்டி, கம்பியில் சுற்றி எறிகிற சம்மட்டி. சீனப் பெண்கள் வட்டத்துக்குள் வந்து நின்றால் நீங்களும் கதிரையை விட்டு எழும்பிவிடுவீர்கள். இந்த ஜெர்மன் டிவிக்காரர்கள் குண்டெறிதலைக் கண் மூடித் திறக்கும் நேரம் காட்டிவிட்டு ஓட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். அதனால் என்ர மடிக்கணினியில் எறிதல் மட்டும் காட்டுகிற நேரலையைத் தேடிப் பிடிக்கிறது நடுவரின் வேலை. அவர்கள் எறிந்துவிட்டுக் கத்துவார்கள் பாருங்கோ, நீங்களும் சேர்ந்து கத்துவீர்கள்.

"ஏன் மாமா, கை விட்ட பிறகு கத்தி என்ன பிரயோசனம்?"

"கை விட்டாலும் நாங்கள் கைவிடக் கூடாது, பிள்ளை."

கீழ் வீட்டு ஜெர்மன் அம்மையார் கூட்டுகிற தும்புத்தடியால் தன்ர கூரையில் மூன்று தரம் இடிப்பா. அவவின் கூரை எங்கட நிலம். ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாட்டில் ஆணி அடிக்கவே கூடாது. நீங்கள் சம்மட்டியல்லவா எறிந்துகொண்டிருந்தீர்கள். "அவவும் எங்கட இல்லம்தான். முரசு அடிக்கிறா" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகக் கத்துவீர்கள்.

நான் இடைவேளைக்கு விசில் ஊதினால் தோடம்பழம். நாலாக வெட்டி, குளுக்கோசில் தொட்டு, தட்டில் அடுக்கி வருவீர்கள். ஊரில் ஓடி முடித்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதாம். இங்கே ஓடினது மூன்று பேரின் கண் மட்டும்தான். சாற்றை உறிஞ்சிய பிறகு தோலைப் பல்லுக்கு மேலே பொருத்திக்கொண்டு, வாய் முழுக்கத் தோடம்பழ நிறத்தில் ஒரு இளிப்பு. அதுதான் வெற்றிச் சிரிப்பு. வென்ற இல்லம் மட்டுமே இளிக்கலாம். நடுவருக்கு அதுவும் இல்லை.

அந்த வேகநடைப் போட்டி ஞாபகம் இருக்கா? சீனாக்காரன் முன்னணியில் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்துகொண்டிருந்தான். ஒரு நடுவர் அவனுக்கு முன்னால் ஒரு சிவப்பு வட்டைத் தூக்கிக் காட்டினார். நீங்கள் துள்ளி எழும்பிக் கை தட்டினீர்கள். "பாத்தியே தங்கச்சி, எங்கட நிறத்தைக் காட்டி மரியாதை செய்யினம்!" அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாதையை விட்டு வெளியே போனான். நீங்கள் தட்டின கை தட்டினபடி நின்றீர்கள். இரண்டு காலும் நிலத்தை விட்டதற்காக அவனை வெளியேற்றிவிட்டார்கள் என்று நான் நடுவர் குரலில் அறிவித்தேன். அம்மா சோபாவில் உருண்டா. உங்களுக்குக் கோபமே வரவில்லை. "பறந்திட்டான் எண்டுதானே குற்றம்? அது குற்றமில்லை, புகழ்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்ததெல்லாம் வேகநடையில். பாதித் தேத்தண்ணி நிலத்தில். ஆனால் என்ர கால் ஒருக்காலும் நிலத்தை விடவில்லை.

நான் உங்களை ஏமாற்றிய நாளையும் எழுதத்தான் வேணும். முதல்நாள் நடந்த ஈட்டி எறிதலின் பதிவைப் போட்டுவிட்டு, "நேரலை" என்றேன். பிறகு சாத்திரி மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன்: இந்த எறி கோட்டைத் தாண்டும், பிழை. அடுத்தது நிலத்தில் நேராகக் குத்தும். எல்லாம் பலித்தது. நீங்கள் வாயைப் பிளந்து, "பிள்ளைக்குத் தெய்வவாக்கு!" என்று என்னைக் கும்பிட்டீர்கள். அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து, "இது நேற்றுப் போனதெல்லோ" என்று போட்டு உடைத்தா. நான் ஓடத் தயாரானேன். நீங்கள் அசையாமல் தோடம்பழத்தை உறிஞ்சிக்கொண்டு சொன்னீர்கள்: "நானும் நேற்றே பாத்திட்டன். உன்ர நடிப்பைப் பாக்கத்தான் இருந்தனான்." அன்றைக்கு வெற்றிச் சிரிப்பு உங்களுக்கு. எனக்கு முகம்தான் சிவப்பு இல்லம்.

இன்னொரு சண்டை இருந்தது, முடிவே இல்லாதது. சீனச் சட்டையில் நெஞ்சுப் பக்கம் சின்னதாக அவர்களின் கொடி இருக்கும், அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். சிவப்பு எப்போது வென்றாலும் அம்மா, "அண்ணை, நட்சத்திரம் மஞ்சள். பதக்கத்தில பாதி எங்கட" என்று உரிமை கோருவா. நீங்கள் தலையைத் திருப்பாமலே சொல்வீர்கள்: "சட்டையைப் பார் தங்கச்சி, பொத்தானைப் பாராதை."

பிறகு போன மாரிகாலம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை முடித்து வந்தீர்கள், களைப்பாக இருக்கு என்று படுத்தீர்கள், எழும்பவில்லை, அவ்வளவுதான். ஒரு முன்னறிவிப்பும் இல்லை. நீங்கள் செய்த குறும்புகளிலேயே எனக்குச் சிரிப்பு வராத ஒன்று அது மட்டும்தான்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. இந்த வருசம் உலகப் போட்டி தொடங்கிய நாளில் அவ டிவியை ஒரு துணியால் மூடி, அதற்கு முன்னால் பூச்சாடியை வைத்தா. நூறு மீற்றர் என்ர மடிக்கணினியில் வந்தது, போனது. அவ உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. "அம்மா, ஜமேக்கா ஓடுது" என்றேன். "ஓடட்டும்" என்றா. மஞ்சள் இல்லத்தின் தலைவி "ஓடட்டும்" என்கிறா! அப்பாவுக்கு ஞாயிறுகளிலும் வேலை. வீடு அவ்வளவு அமைதி. படிக்கட்டில் கீழ் வீட்டு அம்மையார் என்னை மறித்து, "உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? சத்தமே இல்லையே" என்று கேட்டா. ஜெர்மனியில் ஒருவர் சத்தம் இல்லை என்று முறைப்பாடு செய்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு விளங்கியது: கத்துவதற்கு எதிரே ஆளில்லாமல் அம்மா வெல்லவும் விரும்பவில்லை. அவவைத் திரும்பக் கத்த வைக்க வேணும். அதுக்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் குறும்பு.

ஞாயிறு மத்தியானம், பெண்கள் சம்மட்டி எறிதல் இறுதிப் போட்டி. மடிக்கணினியைக் குசினிக் கதவுக்கு நேரே வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். சிவப்பில் இரண்டு பேர். ஒருத்திக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சுற்றின சுற்றில் எனக்குத் தலை சுற்றியது. கடைசிச் சுற்று எறிகள் வந்தன. நான் விசிலை எடுத்து ஊதினேன்.

"அம்மா! மஞ்சள் முன்னுக்கு! ஓடி வாங்கோ!"

வெங்காயக் கத்தியோடு வந்தா. திரையைப் பார்த்தா. "எங்கயடி மஞ்சள்? இது சம்மட்டியெல்லோ, இதில ஜமேக்கா ஆர் இருக்கினம்?"

நான் அந்தப் பெண்ணின் நெஞ்சில் விரலை வைத்தேன். "இந்தா. நட்சத்திரம். பதக்கத்தில பாதி உங்கட."

அம்மா என்னை முறைத்தா. கத்தியைக் கீழே வைத்தா. அந்தக் குரல் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது, அவ நினைத்துப் பேசவில்லை:

"சட்டையைப் பார், பொத்தானைப் பாராதை!"

சொன்ன பிறகுதான் அவவுக்கே கேட்டது. கையால் வாயைப் பொத்தினா. திரையில் அந்தப் பிள்ளை சுற்றத் தொடங்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று, விட்டாள். சம்மட்டி பறந்தது. அவள் கத்தினாள். நான் கத்தினேன். அம்மா கத்தினா, மாமா! "போ! போ! போ!" என்று, மஞ்சள் இல்லத்து அம்மா, ஒரு சிவப்புச் சம்மட்டிக்குப் பின்னால்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, கண்ணால் தண்ணி ஓடியது, அதை வெங்காயத்தின் தலையில் போட்டுவிட்டா.

கீழேயிருந்து தும்புத்தடி மூன்று தரம் இடித்தது.

இரண்டு சிவப்புச் சட்டையும் பதக்க மேடையில் ஏறிச்சு, மாமா. நடுப்படியில் வேறு யாரோ. ஆனால் இரண்டு பக்கமும் நாங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று. சம்மட்டியும் சுற்றாமல் போகாதுதானே.

அதற்குப் பிறகு அம்மா குசினிக்குள் போய் நாலாக வெட்டின தோடம்பழத்தோடும் குளுக்கோசோடும் வந்தா. கடைக்கு எப்போது போய் வாங்கினா என்று நான் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு என்ர கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினா.

"நடுவர் வேலை காணும். இனி நீ சிவப்பு. நாளைக்கு அஞ்சலோட்டம் இருக்கு, மஞ்சள் உன்னை வெளுக்கும்."

"பாப்பம்" என்றேன். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குளுக்கோசில் தொட்டேன்.

இன்றைக்கு எஸ்-பானில் அந்த மனிதர் என்னைக் கவனித்துவிட்டு ஒரு துண்டை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு, தோலைப் பல்லில் பொருத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். முதலில் பயந்தார். பிறகு, அந்தப் பெரிய மனிதர், கோட்டும் சூட்டும் போட்டவர், தானும் ஒரு துண்டைப் பொருத்திக்கொண்டு இளித்தார். எங்கட இல்லத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன், மாமா.

உங்கட சிவப்பு இல்லத்து
மருமோள்