பாரிமுனையோடு முடிகிற சென்னை

ஜூலை 2, 2001. திங்கள்

காலையிலேயே வெயில். மணலி ஆலைப் புகையோடு காற்று. மாடியில் துணி உலர்த்த மனம் வரவில்லை. திருவொற்றியூரில் ரயிலில் உட்கார இடம். பீச்சில் மாறியபின் நுங்கம்பாக்கம் வரை நின்றபடி.

வேலை: வெள்ளிக்கிழமை எங்கள் இணையதளத்தில் ஏறப்போகும் வசதிகளைப் பற்றி ‘புதியவை’ பக்கத்துக்கு எழுத வேண்டும். வாடகை வீடு தேடும் தளத்துக்கு இவ்வளவு குதிப்பா என்று அம்மா கேட்கிறாள். ஆமாம், குதிப்புதான்.

1. வீட்டின் படம் போடலாம். ஒன்றே ஒன்று. திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். பரவாயில்லை, படம்!

2. பஸ் ஸ்டாப்பை வைத்துத் தேடலாம். என் யோசனை. தெருப்பெயர் தெரியாதவருக்கும் இறங்குகிற ஸ்டாப் தெரியும். சார் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டார்.

3. தரகர் வடிகட்டி. எதிர் நாற்காலி பிரபு எழுதிய நிரல். ஒரே போன் நம்பரில் இரண்டாவது விளம்பரம் வந்தால் தரகர் என்று முடிவுகட்டி இரண்டையும் தூக்கிவிடும். தளம் தொடங்கியதிலிருந்தே சத்தமில்லாமல் ஓடுகிறது; அறிவிப்பது இப்போதுதான். இதற்கு நான்கு வரி புகழ்ச்சி எழுதினேன். மனதாரத்தான்.

பக்கத்தின் கீழே வழக்கம்போல் என் பெயர். போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: “கயல்விழி எழுதினால் நம்பலாம்.” அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தேன். சரி, நாலு தடவை.

குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும். நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது.

ஜூலை 3, செவ்வாய்

மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது.

கூட்டம். சேகர் சார் (முதலாளி, கோபம் வந்தால் ஆங்கிலம், பெருமை வந்தாலும் ஆங்கிலம்) ஸ்டாப் பட்டியலைத் திரையில் காட்டினார். தாம்பரத்தில் தொடங்கிப் பாரிமுனையில் முடிகிறது. அதற்கு வடக்கே ஒரே சொல்: ‘பிற’.

நான் கொடுத்த பட்டியலில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருந்ததே என்றேன்.

“அந்தப் பக்கத்துலேர்ந்து இதுவரைக்கும் ஒரு விளம்பரம்கூட இல்ல கயல். காலி ஸ்டாப்பா காட்டினா, தளமே காலின்னு நினைப்பாங்க.”

பிரபு: “உங்க ஏரியால வீடு வேணும்னா, தெருமுனைல நின்னு ஒரு சவுண்டு வுட்டா போதாதா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“போதும். இப்ப வுடட்டுமா?” என்றேன்.

சிரிப்பு நின்றது. பிரபு காது வரை சிவந்தான். கெட்டவன் அல்ல. அந்தப் பாஷையைச் சினிமாவில் மட்டும் கேட்டவன்.

பழைய நிலவரைபடங்களைப் பற்றிய புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்க்காத கடலில் பூதங்களை வரைந்து வைப்பார்களாம். பூதம் பரவாயில்லை. அதற்கு முகமாவது உண்டு. ‘பிற’ என்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு விளம்பரம்கூட இல்லையாம். எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் ‘டு லெட்’ பலகை தொங்குகிறது.

ஜூலை 4, புதன்

அரை நாள் விடுப்பு. எதிர்வீட்டு பாக்கியம் அக்காவை இழுத்துக்கொண்டு தேரடி பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். அவர் வீட்டின் பின்கட்டு ஆடிக்கு முன்னால் போகாவிட்டால் ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும். ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்?

“இன்னாமே, இந்தப் பொட்டிய தட்னா ஆளு வருமா?”

“வரும்க்கா.”

“வர்றவன் மீன் துண்றவனா கேளு. அப்பால வந்து நாறுது, கீறுதுன்னு பேஜார் பண்ணக் கூடாது.”

படிவத்தில் அதற்கு இடமில்லை. (யோசனை: ஏன் இல்லை? சாரிடம் சொல்ல வேண்டும்.) போன் நம்பர் என்ற கட்டத்தில் அண்ணாச்சி கடை நம்பர். எங்கள் தெருவில் போன் இருப்பது அந்த மளிகைக்கடையில் மட்டும்தான். தெரு மொத்தத்துக்கும் அதுவே பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகை, வேலை மனு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் அதே நம்பர். அழைப்பு வந்தால் அண்ணாச்சி வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

விளம்பரம் ஏறியது. தன் பெயரைத் திரையில் பார்த்து அக்கா விரலால் தொட்டார். அடுத்தது, அதே தெரு ரோசி அக்காவின் மாடி அறை. அதையும் அதே நம்பரில் அனுப்பினேன். மறுபடி பக்கத்தைத் திறந்தால் இரண்டும் இல்லை. ‘தரகர் விளம்பரங்கள் ஏற்கப்படமாட்டா.’

“இப்பத்தான கீது, எங்க பூட்ச்சி?”

படித்துச் சொன்னேன்.

“யாரு புரோக்கரு? என் வூட்டுக்கு நானே புரோக்கரா? எவன்மே சொன்னது? கூப்புடு அவன!”

எவன் என்று எப்படிச் சொல்வேன்? நான்கு வரி புகழ்ந்து வைத்திருக்கிறேனே; நம்பரை அடிக்கும்போது எனக்கே உறைக்கவில்லை.

ஒரு தெருவுக்கு ஒரு போன் என்று ஒரு வாழ்க்கை இருப்பது அந்த நிரலுக்குத் தெரியாது. தெரு முழுவதும் அதற்கு ஒரே தரகர்.

ஜூலை 5, வியாழன்

பிரபுவிடம் சொன்னதும் வடிகட்டி தூக்கியெறிந்தவற்றைத் திறந்து காட்டினான். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நெட்டுக்குப்பம் ஓட்டு வீடு. எர்ணாவூரில் இரண்டு அறை, தனிக் குழாய். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. காசிமேடு, ‘கடல் காற்று வரும்’. நம்பர்கள் ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு சர்ச் ஆபீஸ். சிலர் பக்கத்திலேயே ‘பி.பி.’ என்று எழுதியிருந்தார்கள்.

பிரபு பட்டியலை மறுபடி மேலிருந்து இழுத்தான். பிறகு: “சின்ன வயசுல எங்களுக்கும் மாடிவீட்டு நம்பர்தான், கயல். எப்படி மறந்தேன்?”

சரிசெய்ய ஒரு நாள் போதும் என்கிறான். சார் சொல்ல வேண்டும்.

சாரின் அறை. ஏ.சி. குளிர்.

“வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் பாக்கலாம். நீ எழுது, ‘சென்னை முழுவதும் உங்கள் கைக்குள்’.”

“முழுசா இல்லையே, சார்.”

“விளம்பரம்மா அது. கோர்ட்டுல சத்தியமா பண்ற?”

“கீழ என் பேர் இருக்கு, சார்.”

“அந்தப் பேருக்கு வாசகர் வந்தது கம்பெனியால.”

இருக்கலாம். ஆனால் பெயர் அதற்கு முன்பே இருந்தது.

வீட்டில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 6, வெள்ளி

ஏற்றிவிட்டேன். வழக்கம்போல் காலையில், யாரையும் கேட்காமல். எப்போதும் கேட்டதில்லையே. முடிவுப் பகுதி இது, மறந்துபோகாமலிருக்க இங்கேயும்:

‘ஸ்டாப்பை வைத்துத் தேடும் வசதி எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் இப்போதைக்குச் சென்னை முழுவதும் இதில் இல்லை. பாரிமுனை வரைதான். அதற்கு அப்பாலும் ஊர் இருக்கிறது, வாடகைக்கு வீடுகளும் இருக்கின்றன. அங்கிருப்பவர்களின் விளம்பரங்களை எங்கள் வடிகட்டி தவறாக நீக்கியது. சேர்த்ததும் சொல்கிறேன். அதுவரை இரண்டு வீடுகள்.’

அதன் கீழ் பாக்கியம் அக்காவின் பின்கட்டு, ரோசி அக்காவின் மாடி, அண்ணாச்சி நம்பர். பி.பி. என்று பெரிதாக.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு சார் பார்த்தார். ஆங்கிலம். நிறைய ஆங்கிலம். கடைசியில் தமிழுக்கு இறங்கினார்: “யாரைக் கேட்டுப் போட்ட?”

“நீங்க நம்பி குடுத்த வேலை சார். நம்பித்தான் செஞ்சேன்.”

பக்கத்தை எடுத்துவிட்டார். தானே ஒன்று எழுதி ஏற்றினார். ‘சென்னை முழுவதும்.’ கீழே: கயல்விழி.

பெயரை எடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். திங்கட்கிழமை மன்னிப்பு எழுதி எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம். இல்லையென்றால் வரவே வேண்டாமாம்.

ரயிலில் அழவில்லை. பேசின் பிரிட்ஜ் புகைபோக்கி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். தெரியவில்லை.

ஜூலை 7, சனி

தண்ணீர் லாரி வரவில்லை. அண்ணாச்சி கடையில் உளுந்து வாங்கப் போனால் மனிதர் பாய்ந்தார்.

“ஏம்மா கயலு, என்னத்தைப் போட்டு வச்சிருக்க? நேத்து மத்தியானத்துலேருந்து போனு ஓயல. மஸ்கட்டுலேருந்து ஒருத்தரு, தங்கச்சிக்கு வீடு வேணுமாம். நான் கடையைப் பாப்பனா, பாக்கியத்தைக் கூப்பிடுவனா?”

“கோவமா அண்ணாச்சி?”

“கோவமா? மஸ்கட்டு போனு நம்ம கடைக்கு வருது! என் சம்சாரத்துகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன்லா.”

ஹார்பரில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு வந்து பின்கட்டைப் பார்த்தார். மீன் தின்பவர். ஆடிக்கு முன் பால் காய்ச்சிவிடுவார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “அந்த வேலைமேல உயிரையே வெச்சிருந்த. ஒரு வார்த்தைக்கோசரம் வுட்டுடுவியா?”

உயிரை வைத்ததால்தான் என்று சொல்ல நினைத்து, உளுந்தை ஊறப்போட்டேன்.

மாலை பிரௌசிங் சென்டர். ‘புதியவை’ மின்னஞ்சல் பெட்டிக்குப் பதினைந்து இருபது கடிதம். ராயபுரம் எங்கே, தண்டையார்பேட்டை எங்கே, முழுவதும் என்கிறீர்களே என்று. ஒருவர்: “நீங்களுமா, கயல்விழி?” அது குத்தியது. எல்லோருக்கும் ஒரே பதில் அனுப்பினேன்: ‘அது நான் எழுதியதல்ல. அதன்கீழ் என் பெயர் என் சம்மதமின்றி இருக்கிறது. கயல்விழி.’ சாரும் அதே பெட்டியைத் திறப்பார் என்று தெரியும். தெரிந்தேதான்.

ஜூலை 8, ஞாயிறு

எண்ணெய்க் குளியல். நாவல் அறுபது பக்கம், ஒன்றும் ஏறவில்லை. மன்னிப்பை எழுதிப் பார்த்தேன். ‘மதிப்பிற்குரிய சார்’ என்பதற்கு மேல் தமிழ் என்னிடம் இல்லை.

வசதிகள் மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. பி.பி. என்று தனிக் கட்டம். கூப்பிட வேண்டிய நேரம். அசைவம் சமைக்கலாமா. தண்ணீர் எப்படி. இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியுமா?

ஜூலை 9, திங்கள்

லேசான தூறல். வெறுங்கையோடு போனேன்.

சாரின் மேசைமேல் அச்செடுத்த கடிதங்கள். என் பதில்களும். பிரபு பக்கத்தில் நின்றான், தூக்கியெறியப்பட்ட விளம்பரங்களை அவனும் ஒரு கட்டு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

“மன்னிப்பு எங்க?”

“இல்ல சார்.”

“உன் பேரை எடுத்தாச்சு. பாத்தியா?”

“பாத்தேன். நன்றி.”

“உன்மேல கோவம் தீரலை. தீரவும் தீராது.”

“சரி சார்.”

கடிதங்களைத் தள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனாவை எடுத்து, ஏதோ விசாரணை நடத்துவதுபோல்:

“பாரிமுனைக்கு அந்தப் பக்கம் என்னென்ன ஸ்டாப்பு?”

எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

“வேற பேப்பர் எடுங்க சார். இது பத்தாது.”