பவளி கடைசியாகச் சொன்னது

குறிஞ்சாக்கேணி,
கிண்ணியா.
வியாழக்கிழமை, லுஹர் தொழுத பிறகு.

அன்பு மகன் றுவைஸுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எங்கள் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, உங்கள் சுகம் தெரிந்த பிறகுதான் எங்கள் சுகம். உங்கள் போன் ஓஃப் ஆகி இன்றோடு பன்னிரண்டு நாள். நானும் எடுத்துக்கொண்டே இருக்கிறேன், அந்தப் போனுக்குள் இருக்கிற பொம்பிளை ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள், அவளோடும் சண்டை பிடித்துப் பார்த்துவிட்டேன். துணிக்கடை ஸெய்னுதீன் நானா நோன்புக்கு முதல் உடுப்பு எடுக்கச் சென்னைக்குப் போகிறார் என்று நேற்றுக் கேள்விப்பட்டு, முக்காட்டைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிப்போய்க் கெஞ்சினேன். உங்கள் பழைய அறைக்குப் போய்ப் பார்க்கிறேன், அங்கே இல்லாவிட்டால் விசாரித்துத் தேடிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இது கையில் கிடைத்ததும் முதலில் ஒரு பிடி சோறு சாப்பிடுங்கள், பிறகு வாசியுங்கள், வெறும் வயிற்றோடு வாசிக்கக்கூடிய கடிதம் இல்லை இது.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண் மறைக்கிறது. உப்புச் சிம்மாசனம் நாடகத்தை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் அனுப்பின பெரிய டீவியில்தானே. ஐந்து வருடமாகச் சனிக்கிழமை அஞ்சு மணி என்றால் நம்முடைய ஒழுங்கையில் ஒரு குசினியிலும் புகை இல்லை, என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்டுகள் நம் வீட்டு மண்டபத்தில், கதிரை போதாமல் பாயும் விரித்து. அந்தத் தீக்கொம்பன் மிருகம் நெருப்பைக் கக்கும்போது வாப்பா கதவடியில் நின்று இதென்ன பைத்தியக்கூத்து என்று சொல்வார், சொல்லிக்கொண்டே முடியும்வரை நிற்பார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுத்தால் நேற்றைய நாடகத்துக்கு ஒழுங்கை என்ன சொல்லுது உம்மா என்றுதான் முதல் கேள்வி. மொழிபெயர்ப்புக் கந்தோரில் வேலை செய்து களைத்த பிள்ளை, இருந்தும் என் அலட்டலைப் பொறுமையாகக் கேட்கிறாரே என்று உருகிப்போய் ஒன்று விடாமல் சொல்வேன். ராணி அமைச்சரை ஏசுகிற ஏச்சைக் கேட்டு, இது நான் வாப்பாவை ஏசுகிற ஏச்சல்லவா என்று நானே சிரித்திருக்கிறேன், அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. எழுதியது களப்பன் என்று ஐந்து வருடமாகத் திரையில் ஓடின பெயர் என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் பெயர் என்று யார் கண்டார்கள்.

நாடகம் முடிகிற நாளுக்கு முதல் நாள் நீங்கள் எடுத்தீர்கள், நாளைக்கு மட்டும் பாக்காதீங்க உம்மா, நான் பிறகு ஒரு விசயம் சொல்றன் என்றீர்கள். நான் பகிடி என்று எடுத்துக்கொண்டு, முடிவைப் பார்க்காமல் இருக்க நான் என்ன செத்த மையத்தா என்று கேட்டேன். உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது, அதைக் கவனித்தும் விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தோம். யுத்தம் முடிந்துவிட்டது, மிருகமும் செத்துவிட்டது. போன வருடம் நாடகத்துக்குள் வந்து எல்லாரையும் மயக்கினாளே அந்த உப்பளத்துப் பிள்ளை பவளி, அவளைக் கூட்டிக்கொண்டு நாடகத்து வீரன் ஆழிவேள் தோணியில் ஏறுகிறான். அவள் செருப்பைக் கழற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறுகிறாள். புயல் இல்லை, பகைவன் இல்லை, நடுத்தண்ணீரில் தோணி சும்மா சாய்கிறது. அவன் அவளுடைய கையைப் பிடித்திருக்கிறான், பிறகு விடுகிறான். விட்டுவிட்டு நீந்திக் கரைக்கு வருகிறான். பவளி தண்ணீருக்குள் போகும்போது வாய் அசைகிறது, ஏதோ சொல்கிறாள், சத்தம் இல்லை. அவ்வளவுதான் முடிவு. மண்டபத்தில் ஒருத்தி ஓவென்று அழுதாள், மற்றவர்கள் ஐந்து வருடம் தீக்கொம்பனை வெட்டினவன் கடைசியில் ஒரு பிள்ளையின் கையை விடுவானா என்று கத்தினார்கள். சுஹைரா சாச்சி மட்டும் எழும்பிப் போனா. ஏழு வருடத்துக்கு முதல் களப்பில் தோணி கவிழ்ந்து எட்டு வயது மகள் சனூஸாவைப் பறிகொடுத்தவ, மாமி வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி உங்களை நம்பி உங்களோடு அனுப்பின பிள்ளை, கரைக்கு வந்தது நீங்கள் மட்டும். அவ போன முதுகைப் பார்த்ததும் எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இப்படி ஒரு சாவை வைத்து விளையாடுகிறவன் எவன் என்று, அங்கேயே கையேந்தி, இத எழுதினவன்ட கை வெளங்காமப் போகட்டும் யா அல்லாஹ், அவனப் பெத்தவள்ட வயிறு பத்தி எரியட்டும் என்று பதுவாக் கேட்டேன், இருந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். கேட்டதோடு விட்டேனா, சூடு ஆறமுதல் போனை எடுத்து அதே வார்த்தைகளை ஒரு எழுத்துக் குறையாமல் வொய்ஸாகப் போட்டு உங்களுக்கே அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல். இரண்டு கோடும் நீலமானது. அதற்குப் பிறகு உங்கள் போன் இல்லை.

நான் ஒருத்திதான் கொதித்தேன் என்றில்லை. நிலாவெளி பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஆழிவேள் படத்துக்கு யாரோ முகத்தில் தார் பூசிவிட்டார்கள். டவுனில் பஸ் நிலையத்துச் சுவரில் பவளிக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினார்கள், உப்பளத்தைப் பிறப்பிடமாகவும் எங்கள் நெஞ்சங்களை வதிவிடமாகவும் கொண்ட என்று, அதைக் கேட்டு நான் சிரித்தேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். செவ்வாய்க்கிழமை வாப்பா சீனன்குடாவில் காவல் வேலையில் இருக்கும்போது கூட வேலை செய்கிற சிவரூபன் ஒரு போட்டோவைக் காட்டி, அண்ணை, பவளியைக் கொன்ற களப்பன் ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள், கிண்ணியாப் பொடியனாம், உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டிருக்கிறார். வாப்பா பாதி வேலையில் லீவு சொல்லிவிட்டு வந்தார். வந்து கதிரையில் இருந்து, தண்ணீர்கூடக் கேட்காமல், றம்ஸியா நீங்க சனிக்கிழமை ஆருக்குப் பதுவாக் கேட்ட என்றார். நான் இன்னும் விளங்காமல், அந்த நாசமாப் போனவனுக்கு என்று சொன்னேன். அவர் சிவரூபனிடம் தன் போனுக்கு வாங்கிவந்த போட்டோவை என் பக்கம் திருப்பினார்.

அன்றைக்குத்தான் உங்களைப் பற்றி உலகம் எழுதுவதை எல்லாம் வாசித்தேன், வாசித்திருக்கக் கூடாது. உங்கள் அறை எங்கே என்றுகூட எழுதிப் போட்டிருக்கிறார்கள். காரணமே இல்லாமல் பிள்ளையைக் கொன்றான், வீரனைக் கோழையாக்கினான் என்று ஆயிரமாயிரம் பேர். வெள்ளிக்கிழமை அதே பஸ் நிலையத்துச் சுவரில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி, கிண்ணியாவைப் பிறப்பிடமாகவும் சென்னையை வதிவிடமாகவும் கொண்ட முஹம்மது தம்பி முஹம்மது றுவைஸ் என்று முழுப் பெயரோடு, அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி ஒரு படத்தோடு. நம் ஆட்களுக்கு இப்படி ஒட்டுகிற பழக்கமே இல்லை. வாப்பா ஜும்ஆ முடிந்து தண்ணீர்ப் போத்தலோடு போய், பட்டப்பகலில் அத்தனை பேர் பார்க்க, நனைத்து நனைத்து உரித்தார். கிழிக்கவில்லை, நபி பெயர் யாருடைய காலிலும் படக்கூடாதென்று மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கச்சான் விற்கிற மனுசி ஒருத்தி மட்டும் வந்து மற்ற மூலையைப் பிடித்துக் கொடுத்தாவாம். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார் மகன், உங்கள் வாப்பா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெற்றவள் கேட்கிற பதுவா வானத்தில் தடைபடாது என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். மௌலவியிடம் ஆள் விட்டுக் கேட்டேன், அறியாமல் கேட்டது, தௌபாச் செய்து மன்னிப்புக் கேளுங்கள், போதும் என்றார். எனக்குப் போதவில்லை. ஆமீன் சொன்ன வாய்கள் அப்படியே இருக்கின்றனவே. ஆகவே சனிக்கிழமை தொடங்கி வீடு வீடாகப் போனேன், சொன்ன ஆமீனைத் திருப்பி எடுங்கள் என்று. ஒருத்தி மீன் பொரித்துக்கொண்டு நின்றவ, அகப்பையோடு கையேந்தி, அது உங்கட மகனெண்டு தெரியாது, என்ட ஆமீன எடுத்திட்டன் என்று அழுதா. ஒருத்தி தான் முறுக்குத் தின்றுகொண்டிருந்ததால் ஆமீன் சரியாக வாயால் வரவேயில்லை, கணக்கில் சேராது என்றா. இன்னொருத்தி, அடுத்த பாகத்தில் பவளியை உயிரோடு கொண்டுவரச் சொன்னால் எடுக்கிறேன் என்று பேரம் பேசினா, அவவுடைய காலில் விழவும் நான் ஆயத்தம், விழுந்தும் இருப்பேன், அதற்குள் எடுத்துவிட்டா. இப்படிப் பத்துப் பேர். பதினோராவது சுஹைரா சாச்சி, எழும்பிப் போனவ வாசலில் நின்று ஆமீன் சொன்னாவோ தெரியாது. அவவுடைய வாசலுக்குப் போக எனக்கு இன்னும் மூன்று நாள் எடுத்தது, மதில் ஒன்றுதான் இடையில்.

முந்தநாள் போனேன். வாயைத் திறக்கமுதல் அவவே சொன்னா, நான் ஆமீன் சொல்லல்ல ராத்தா, செருப்பக் கண்ட உடனே எனக்கு வெளங்கிட்டு, சனூஸா எப்பவும் செருப்ப நனையாமக் கையில வெச்சிக்கிட்டுத்தானே தோணியில ஏறுவா, அண்டைக்கு அவள் ஏறினத்த உங்கட மகனத் தவிர ஆரு கண்ட என்று. நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அப்படியென்றால் கையை விட்டதும் நடந்ததுதானா மகன். கரைக்கு வந்த மூன்றாம் நாள் நீங்கள் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள், நான் உங்கள் வாயைக் கையால் பொத்தினேன், ஒன்றும் தெரியாது, தண்ணீர் மூடிவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள், சுஹைரா தாங்கமாட்டாள் என்று. அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஊர் உங்களைக் குற்றம் சொல்லுமே என்ற பயத்தில் சொன்னேன். இரண்டு மாதத்தில் படிப்பு என்று இந்தியாவுக்குப் போனீர்கள், பிறகு ஒரு பெருநாளுக்கும் வரவில்லை, ஏன் என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வாயில் நான் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை, அதனால்தான் நீங்கள் உலகத்துக்கே சொல்ல வேண்டி வந்தது.

சுஹைரா சாச்சி கோபிக்கவில்லை. கைய உட்டத்துக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன், உட்டிருக்காட்டி ரெண்டு மையத்து, அவனும் ஒரு உம்மாக்கு மகன்தானே என்றா. பிறகு போனை எடுத்து அந்தக் கடைசித் துண்டைக் காட்டினா, எத்தனை நூறு தரம் பார்த்தாவோ தெரியாது. பவளியின் வாய் அசைகிற இடத்தில் நிற்பாட்டி, இதுல என்ன சொல்றா ராத்தா என்று கேட்டா. ஊர் உலகமெல்லாம் அதற்கு ஆளுக்கொரு விளக்கம் எழுதுகிறது, அம்மா என்கிறாள் என்று சிலர், போங்கள் என்கிறாள் என்று சிலர், விடாதே என்கிறாள் என்று கனபேர். அவ சொன்னா, அவங்களுக்கு அது நாடகம், எனக்கு மட்டுந்தானே தெரிய வேணும், விடாதீங்க எண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, அவள்ட கடைசி வார்த்த, சொல்லச் சொல்லுங்க, ஏழு வருசமா நான் நம்பர் மாத்தல்ல என்று.

மகன், கொமன்ட் ஒன்றும் வாசிக்காதீர்கள். தனியாக இருக்காதீர்கள், ஒரு சிநேகிதனை அறையில் கூட வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் போக வேண்டாம், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம். நான் கேட்ட பதுவாவில் பெற்றவளுக்குக் கேட்டது பலித்துவிட்டது, வயிறு பற்றி எரிகிறது, அதோடு போகட்டும், உங்களுக்குக் கேட்டதை நான் ஒவ்வொரு தொழுகையிலும் அழித்துக்கொண்டிருக்கிறேன். அல்லாஹ் உங்கள் கைக்கும் நெஞ்சுக்கும் சுகத்தைத் தரட்டும், கெட்ட கண்ணிலிருந்தும் கெட்ட வாயிலிருந்தும், உம்மாவின் வாயிலிருந்தும் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். போனைத் திறந்தால் என்னுடைய மிஸ்கோல்தான் வந்து கொட்டும், அதைப் பார்க்காதீர்கள், எனக்கு எடுக்க வேண்டாம். முதலில் சுஹைரா சாச்சிக்கு எடுத்து அவ கேட்டதைச் சொல்லுங்கள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்பேன், அவ அழுகிற சத்தம் கேட்டால் போதும், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் உம்மா,
றம்ஸியா